அசரியாவின் லாரி

"நம்பரை யார் ராவினது?"

ஆர்.டி.ஓ. ஆபீஸ் இன்ஸ்பெக்டர் சுப்ரமணியன் லாரியைப் பார்த்தபடி கேட்டார். யுத்த காலத்து வண்டி. நீண்ட மூக்கு, மர பாடி. என்ஜின் பக்கத்தில் இருக்க வேண்டிய தகட்டைக் காணோம். முன் சக்கரத்துக்கு மேலே, சேசிஸில் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு எழுத்துகூட இல்லை.

"யாரும் ராவல சார். எங்கப்பா காலத்துலேர்ந்து பம்மல் டேனரிங்களுக்கு உப்புத் தோல் ஏத்தின வண்டி. உப்புத்தண்ணி ஊறி ஊறி அரிச்சிடுச்சி" என்றார் அசரியா. அனகாபுத்தூர்க்காரர். ஐம்பதைத் தாண்டியவர்.

"ஆர்.சி. புக்?"

"எண்பத்தஞ்சு வெள்ளத்துல போய்டுச்சி சார். அப்பா வரி கட்டின ரசீது ஒண்ணுதான் மிச்சம். அதுல சேசிஸ் நம்பர் கீது. சினிமா கம்பெனிக்காரங்க பழைய வண்டி வோணும்னு வாடகைக்குக் கேக்கறாங்க. புக்கு இருந்தாத்தான் எடுப்பாங்களாம்."

"ரசீதுல நம்பர் இருக்கு. வண்டியில இல்லையே! இது அந்த வண்டிதான்னு நான் எதை வெச்சு நம்பறது?"

"பம்மல்ல ஒருத்தன் அந்த நம்பரையே புதுசா அடிச்சித் தரேன்னான் சார். தப்பு வேலை வாணாம்னுட்டு நேரா உங்ககிட்ட வந்தேன்."

"ஓகோ! நம்பர் அடிக்கிற ஆளெல்லாம் பழக்கமா?"

அசரியா லாரியின் பின்பக்கத்தைக் காட்டினார்: "பின்னாடி குறுக்குச் சட்டத்துலயும் அதே நம்பர் கீதுன்னு அப்பா சொல்வாரு சார். பாடியை அவுத்து, பிசுக்கைச் சொரண்டிப் பாத்தா..."

"அவுக்கறதும் சொரண்டறதும் என் வேலை இல்லை."

சுப்ரமணியன் யாரிடமும் ஒரு டீகூட வாங்கிக் குடிக்காதவர். புரோக்கர்கள் அவரைக் கண்டால் ரோட்டின் எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள். இத்தனை வருஷ சர்வீஸில் ஒரு திருட்டு வண்டிக்கும் கையெழுத்துப் போட்டதில்லை என்று அவருக்கு ஏகப் பெருமை. 'நம்பர் அழிக்கப்பட்டுள்ளது. திருட்டு வாகனமாக இருக்கலாம்' என்று எழுதி, லாரியைப் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிறுத்தவைத்தார்.

அதற்கப்புறம் அசரியா அதைத் தொட முடியவில்லை. வாரம் தவறாமல் வந்து அவர் முன்னால் நின்றார்.

"பின்பக்கம் ஒரே ஒரு வாட்டி பாத்துடுங்க சார்."

"ரூல் ரூல்தான். போங்க."

வெயிலும் மழையுமாகப் பதினாலு மாசம். திருட்டுப் போனதாக எந்த ஊரிலிருந்தும் புகார் வரவில்லை. சினிமா கம்பெனி வேறு வண்டி பார்த்துக்கொண்டது. கடைசியில், லாரியை உடைத்து விற்க மட்டும் அனுமதி கிடைத்தது.

"சரிங்க சார்" என்று காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஏறிட்டும் பார்க்காமல் போனார் அசரியா.

வண்டியை உடைத்தாகிவிட்டது என்று நேரில் பார்த்து எழுதினால்தான் ஃபைலை மூட முடியும். அடுத்த வாரம் சுப்ரமணியன் ஃபைலோடு பல்லாவரத்துக் காயலான் கடைக்குப் போனார்.

அவரைக் கண்டதும் கடைக்கார முனிரத்தினம், கீழே கிடந்த இரும்புத் துண்டு ஒன்றைக் காலாலேயே சாக்குக்கு அடியில் தள்ளினார்.

"என்ன அது?"

"ஒண்ணும் இல்ல சார். துரு புட்ச்ச இரும்பு."

"எடுங்க."

எடுத்தார். பின்பக்கக் குறுக்குச் சட்டத்தில் அறுத்த ஒரு முழத் துண்டு. பிசுக்கைச் சுரண்டிய இடத்தில் வரிசையாக எழுத்துகள், எண்கள்.

சுப்ரமணியன் அதன் மேல் ஒரு தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். ஒவ்வொரு எண்ணாக மேலே எழும்பி வந்தது. ஃபைலைப் பிரித்து, பழைய ரசீதோடு ஒத்துப் பார்த்தார். ஒரு எண்கூட மாறவில்லை.

சுற்றிலும் பார்த்தார். அந்த லாரியில் மிச்சம் என்று அந்தத் துண்டைத் தவிர எதுவுமே இல்லை.

"அசரியா இதைப் பார்த்தாரா?"

"அறுக்கசொல்ல கூடவே நின்னுகினு இருந்தாரு சார். அவருதான் மொதல்ல பாத்தாரு. ரொம்ப நேரம் கையால தடவிகினே இருந்தாரு."

"அப்போ நேரா எங்கிட்ட வந்து நாலு வார்த்தை கேட்டிருக்கலாமே! மேலிடத்துல புகார் குடுத்திருக்கலாமே! நீங்க எதுக்கு இதை மறைச்சீங்க?"

"அவருதான் சார் மறைக்கச் சொன்னாரு. 'வண்டிதான் போய்டுச்சி. அந்த சார் கை சுத்தமான மனுஷன், இதைப் பாத்தா தாங்க மாட்டாரு. அவரு கண்ணுல படறதுக்குள்ள உருக்க அனுப்பிடு'ன்னாரு."