தேவசகாயத்தின் கைகள்

தேவசகாயம் கழுத்துத் துண்டை விலக்கியபோது அஹமது பாஷா வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேற்கே மேகம் கட்டியிருந்தது.

மழை பெய்தால் கெட்டது கதை. அரக்கோணத்து ரயில்வேக்காரர்கள் பூட்ஸ் போட்டு ஆடுகிறவர்கள். சேற்றில் அவர்கள் கால் ஊன்றி நிற்கும். நம் பையன்களுக்கு வெறுங்கால். வெயில் அடித்தால்தான் பூட்ஸ்காரர்களுக்கு மூச்சு வாங்கும்.

ஆம்பூர் தோல்ஷாப் அணி ஷீல்டு போட்டியில் இவ்வளவு தூரம் வந்ததே கிடையாது. நாளை தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஜெயித்தால் இறுதி ஆட்டம்.

அஹமது பாஷா ஒருநாளும் பந்தை உதைத்தவர் இல்லை. பதனிடாத பச்சைத் தோல் கிடங்கில் மேஸ்திரி. ஆனால் ஆடுகிற பதினொரு பேரின் கவலையையும் அவர் ஒருவரே பட்டார். சில நாளாகச் சோறு இறங்கவில்லை. தூக்கத்தில் காலை உதைக்கிறார் என்று மனைவி சுகரா பேகம் பாயைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

அவருக்கு இருந்த ஒரே தைரியம் தேவசகாயம். கிடங்கில் தோல் கட்டுகளைத் தோளிலும் கழுத்திலுமாகச் சுமப்பவன். கோலில் நின்றால் அந்தக் கைகளைத் தாண்டிப் பந்து போகாது. அவன் இல்லையென்றால் ரத்தினசாமி நிற்க வேண்டும். ரத்தினசாமி, பந்து வரும்போது கண்ணை மூடிக்கொள்கிற புண்ணியவான்.

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முதல் நாள் அஹமது பாஷா தேவசகாயத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்களில் ஒற்றிக்கொள்வார். மசூதி ஹஜ்ரத் பார்த்தால் திட்டுவார் என்று நாலு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் செய்வார். ஒற்றிக்கொண்ட ஆட்டமெல்லாம் ஜெயித்த ஆட்டம்.

“இன்னா பாய், மேலயே பாக்குறீங்க. இதக் கொஞ்சம் பாருங்க.”

பார்த்தார்.

சுமை அழுந்துகிற இடத்தில் ஒரு சின்னப் புண். நடுவில் கரிப்பொட்டு வைத்ததுபோலக் கறுத்திருந்தது. சுற்றிலும் சதை வீங்கியிருந்தது.

“வலிக்குதா?”

“இல்ல பாய். தொட்டாக்கூடத் தெரியல. அம்மாதான் வேலூர் ஆஸ்பத்திரில காட்டிட்டு வான்னு ஒரே பேஜார் பண்ணுது. சாயங்கால ரயிலுக்குப் போய்ட்டு வந்துரட்டுமா?”

போனால் படுக்க வைத்துவிடுவார்கள். நாளை கோலில் ரத்தினசாமி நிற்பான்.

அஹமது பாஷா மறுபடியும் வானத்தைப் பார்த்தார். அவருக்குப் பயமாக இருந்தது. மழையை நினைத்துத்தான் பயம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

“வலியே இல்லன்ற. அப்புறம் இன்னாத்துக்கு ஆஸ்பத்திரி? ஆட்டம் முடியட்டும். நானே கூட்டினு போறேன்.”

தேவசகாயத்தின் முகம் தெளிந்தது. மேஸ்திரி சொல்லிவிட்டால் அவனுக்கு மறுபேச்சு கிடையாது. துண்டை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

பிறகு வழக்கம்போல இரண்டு கைகளையும் நீட்டினான்.

அஹமது பாஷா ஓர் அடி பின்னால் நகர்ந்தார்.

“ஜெயிச்சுட்டு வா. நாளைக்கு வச்சுக்கலாம்,” என்றார்.

கை அழுக்காக இருக்கிறது என்று நினைத்தானோ என்னவோ, தேவசகாயம் சிரித்துக்கொண்டே இரண்டு கைகளையும் வேட்டியில் துடைத்தபடி போனான்.

அவன் கேட்டைத் தாண்டும்வரை அஹமது பாஷா நின்றுகொண்டிருந்தார். சாயங்கால ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. ஒரு குரல் கொடுத்தால் போதும், திரும்பி வந்துவிடுவான். அவர் வானத்தைப் பார்த்தார்.

மேகம் கலைந்துகொண்டிருந்தது. நாளை நல்ல வெயில்தான்.

அவர் தொட்டிக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவினார். எதையும் தொடவில்லை. ஆனாலும் திரும்பத் திரும்பக் கழுவினார்.

போன ரம்ஜானுக்கு முன்னால், இதே கிடங்கில் சுமை தூக்கிக்கொண்டிருந்த அவர் மச்சான் ஆபித் பாஷா இறந்துபோனான். காய்ச்சல் என்றுதான் ஊரில் பேச்சு. மய்யித்தைக் குளிப்பாட்டியது அஹமது பாஷா. கழுத்தில் தண்ணீர் ஊற்றும்போது அந்தக் கறுப்புப் பொட்டு அவர் விரல் நுனிக்குக் கீழே இருந்தது.

படுக்கையில் கிடந்தபோது ஆபித்திடமும் கேட்டிருந்தார், வலிக்கிறதா என்று.

இல்லவே இல்லை என்றுதான் அவனும் சொன்னான்.