விக்டரின் கைக் கொப்புளம்

இதில் ஒரு வார்த்தை பொய்யென்றாலும் என் நாக்கு அழுகிப் போகட்டும். சாந்தோமில் மூன்று பேர் கையில் ஜெபமாலையோடு பங்குச் சாமியாரிடம் சொன்ன விஷயம் இது. என் பங்குக்கு ஒரு கால்புள்ளிகூடச் சேர்க்கவில்லை.

"டேய் விக்டர்! கஞ்சியை வடிக்கச் சொன்னா பானையையே கவுத்துடுவியா? ஆனி, நீ இன்னாடி வேடிக்கை பார்த்துக்கினு? தொடப்பத்தை எடு!"

காலை ஆறு மணிக்கு ஃப்ளோரா வாயைத் திறந்தால் கடலில் வலை போடுகிறவனுக்கும் கேட்கும். நாற்பத்திரண்டாம் வருஷம், சித்திரை மாதம். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று தெருவில் முக்கால்வாசிப் பேர் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போயிருந்தார்கள். வாடகை மலிந்ததைப் பார்த்துப் புதிதாகக் குடிவந்தவள் ஃப்ளோரா. புருஷனுக்குக் கப்பலில் வேலை.

வந்த நாளிலிருந்து பாடம்தான். சோறு வடிப்பது, துணி அலசுவது, பாத்திரம் தேய்ப்பது. அம்மி உருளும், அதட்டல் விழும். அதட்டலுக்குப் பதில் குரல் ஒரு நாளும் எழுந்ததில்லை. அவ்வளவு மிரண்டுபோன பிள்ளைகள் என்று தெரு உச்சுக்கொட்டியது.

அடுத்த வீட்டு மர்சலினுக்குப் பொறுக்கவில்லை. ஆளுயர மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று ஆரம்பித்தாள்.

"ஏம்மா, ஆம்பளப் புள்ளைய அடுப்பாண்ட நிக்க வச்சிக்கினு கீறியே, உனக்கு ஈவு இரக்கம் கீதா?"

"என் வூட்டு அடுப்பு. நாளைக்குத் தனியாப் பொழைக்கப் போற எடத்துல நீயா கூடப் போய்க் கஞ்சி காய்ச்சி ஊத்துவே?"

"பொண்ணுக்கு எட்டு வயசுகூட இருக்காதேடி!"

"எட்டுல கத்துக்காததுதான் எருமை மாதிரி வளந்து நிக்குது, உன் வூட்ல! இருபத்திரண்டு வயசு காஸ்பருக்கு நீதானே வெந்நி வெளாவி வைக்கிறே? சட்டைப் பித்தான் அறுந்தா 'அம்மா'ன்னு கத்துறானே, அது என் வூடு வரைக்கும் கேக்குது!"

மர்சலினின் ஒரே மகன் காஸ்பர். அப்போதுதான் அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மர்சலின் உள்ளே போய்க் கதவைச் சாத்திய சத்தத்தில் ஜப்பான்காரன் வந்துவிட்டான் என்று நாலு பேர் கட்டிலுக்கடியில் புகுந்தார்கள்.

மறுநாள் மர்சலின் வீட்டு மீன் செதிள் மதிலைத் தாண்டி ஃப்ளோராவின் முற்றத்தில் விழுந்தது. சாயங்காலம் பாத்திரம் கழுவிய தண்ணீர் எதிர்த்திசையில் பறந்துவந்து மர்சலினின் சலவைப் புடவையை நனைத்தது. "விக்டர், ஓரமா ஊத்துடான்னு எத்தினி தரம் சொல்றது!" என்ற அதட்டலும் கூடவே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மர்சலின் பங்குச் சாமியாரைப் பிடித்துக்கொண்டாள்.

"கண்ணால பாத்தியாம்மா?" என்றார் சாமியார்.

"பாத்தேன் சாமி. பையனுக்கு ஏழு வயசு. வலது கையில நெல்லிக்கா பருமன் கொப்புளம். பழுத்துப் போயிருக்கு."

தபாலாபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆம்ப்ரோஸும் முன்னால் வந்தார். "நானே ஜன்னல் வழியா ஒரு கொய்யாப்பழம் குடுத்தேன் சாமி. ஒரு கையால தின்னுக்கினே இன்னொரு கையால மாவாட்டினான். பழத்தைக் கீழே வைக்கக்கூட அவனுக்கு உத்தரவு கெடையாது."

காஸ்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "பொண்ணு என்னைப் பாத்து அழுதுச்சு சாமி. 'அண்ணா, உங்க சட்டைக்கும் நானே கஞ்சி போடணுமா'ன்னு கேட்டுச்சு."

மூன்று பேர் கையிலும் ஜெபமாலை. சாமியார் அதற்குமேல் விசாரிக்கவில்லை. இரண்டு பிள்ளைகளையும் அன்றைக்கே கான்வென்ட் போர்டிங்கில் சேர்த்துவிடுவதென்று ஜட்காவோடு புறப்பட்டார். மூவரும் வண்டிக்குப் பின்னால் நடந்தார்கள்.

ஃப்ளோரா கதவை ஒரு சாண் திறந்து குறுக்கே நின்றாள்.

"ஏம்மா, பெத்த புள்ளைங்களை இப்படி ஊர் கேக்க விரட்டலாமா?" என்றார் சாமியார்.

"ஊர் கேக்கணும்னுதான் சாமி கத்துறேன். நான் குடிவர்றதுக்கு முந்தியே இந்தத் தெருவுல மூணு வூட்டுப் பூட்டை ஒடைச்சானுங்க. இங்க வூடு நெறைய ஆள் கீதுன்னு திருடனுக்குத் தெரிய வேணாமா?"

"கேட்டீங்களா சாமி!" மர்சலின் மார்பில் அடித்துக்கொண்டாள். "திருடனுக்குப் பயந்துக்கினு பச்சப் புள்ளைங்களை வதைக்கிறா! அந்தக் கொப்புளத்தை ஒரு தரம் பாருங்க, உங்க நெஞ்சே பதறும்!"

"ஒல்லியா இருப்பான் சாமி, தூக்கறது சுலபம்" என்றார் ஆம்ப்ரோஸ்.

"நவுந்துக்கோ ஃப்ளோரா. ரெண்டு பேரும் இப்பவே வண்டியில ஏறணும்" என்றார் சாமியார்.

"சாமி, நீங்க மட்டும் உள்ள வாங்க, சொல்றேன். இத்தினி பேர் முன்னாடி சொல்ல முடியாது."

"என்ன மறைக்கிறே? இங்கேயே சொல்லு. இல்லாட்டி போலீஸைக் கூப்பிடுவேன்."

ஃப்ளோரா மர்சலினைப் பார்த்தாள். ஆம்ப்ரோஸையும் காஸ்பரையும் பார்த்தாள். ஜட்காக்காரனையும், அவனுக்குப் பின்னால் கூடிவிட்ட கும்பலையும் பார்த்தாள். பிறகு கதவை முழுதாகத் திறந்துவிட்டு, குடிவந்த நாளிலிருந்து முதல் தடவையாகத் தாழ்ந்த குரலில் பேசினாள்.

"எனக்குப் புள்ளைங்களே கெடையாது சாமி."