எச்சில் தோசை

தகரக் கூரையின் ஆணித் துளைகளில் இறங்கும் காலை வெயில், மெர்டேக்கா சுதந்திர நாளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த காகிதக் கொடிகளின்மேல் புள்ளி வைக்கிறது. தைலம்மை தோசை வார்க்கிறாள். கல்லைவிட அவள்தான் அதிகம் கொதிக்கிறாள். தாலி கட்டிக்கொண்டு காஜா பேராங் ஊரில் இருக்கும் இந்த வீட்டுக்கு வந்து ஒரு மாதமாகிறது. மூத்தாள் விட்டுப்போன இரண்டு பெண்களும் இன்னும் அவள் சமைத்ததை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைக்கிறார்கள். எல்லாம் நாத்தனார் பாக்கியம் சொல்லிக்கொடுத்த பாடம். கூடத்தில் வெற்றிலை மென்றபடி, சுவரிடம் சொல்வதுபோல இப்போதும் சொல்கிறாள்: "பாத்துச் சாப்பிடுங்கடி, என்னத்தப் போட்டிருக்காளோ."

சின்னவள் சீதா ஒரு வாய் கடித்த தோசையைத் தட்டில் திரும்ப வைக்கிறாள். "கசக்குது."

"கசக்குதா? கொண்டா இப்படி." கரண்டியைப் போட்டுவிட்டு, பல் பதிந்து எச்சில் ஊறிய அந்தத் தோசையை அப்படியே வாயில் திணித்து மெல்கிறாள் தைலம்மை. "எங்க கசக்குது? உங்க ரெண்டு பேரால உசுரு போவுது எனக்கு. தின்னா தின்னுங்க, தின்னாட்டி போங்க."

பெரியவள் மல்லிகா அவள் வாயையே பார்க்கிறாள். அத்தை இவர்கள் குடித்த தம்ளரைக் கழுவாமல் தொட்டதே இல்லை. இவர்கள் எச்சிலைத் தின்றவள் செத்துப்போன அம்மா ஒருத்திதான்.

தைலம்மை முணுமுணுத்தபடி கல்லில் கருகிப்போனதைச் சுரண்டுகிறாள். முதுகுக்குப் பின்னால் தட்டு நகரும் சத்தம். மல்லிகா தன் முழுத் தோசையின் ஓரத்தில் ஒரு கடி கடித்துவிட்டு, மீதியை அவளிடம் நீட்டுகிறாள்.

"இதையும் பாருங்க."