மூடிக்காரரின் எட்டு

படையல் வைத்த ஓலைக் கடகத்தைத் தூக்க ஆண்கள் யாரும் முன்வரவில்லை.

உள்ளே சோறு, நண்டுக் குழம்பு, பொரித்த சூடை மீன், சின்னக் கிளாசில் கொஞ்சம் சாராயம். தம்பிராசா செத்து இன்று எட்டாம் நாள். பொழுது படுவதற்குள் படையலைக் கொண்டுபோய் ஒழுங்கைச் சந்து முடிகிற முச்சந்தியில் வைத்துவிட்டு வர வேண்டும். வரும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது. யார் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் கூடாது. கூப்பிடுவது செத்தவர், திரும்பினால் கூடவே வீட்டுக்கு வந்துவிடுவார்.

இரத்தினேஸ்வரி கணவனுக்குப் படைக்கும் கடகத்தின் விளிம்பைப் பிடித்தபடி வாசல் படலையடியில் நின்றாள். அவளுடைய கூடப்பிறந்த தம்பி கோணேஸ்வரன்கூட வேட்டியை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

குறை சொல்லவும் முடியாது. அந்த முச்சந்தியில்தான் கரடி தம்பிராசாவைக் கிழித்துப் போட்டிருந்தது.

பாலையூற்றுக்குப் பின்னால் காட்டை ஒட்டிய ஒழுங்கை அது. போன கோடையில் காட்டுக் குளம் வற்றியதிலிருந்து கரடி குப்பை தேடி வரப் பழகிவிட்டது. சீனன்குடாவில் காவல் வேலை பார்த்து ஓய்வுபெற்ற தம்பிராசாவுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. ஒழுங்கைச் சனத்தைக் கூட்டிச் சட்டம் போட்டார். பொழுதுபட்டால் சாப்பாட்டு மிச்சம் எதுவும் வெளியே கிடக்கக் கூடாது. எல்லாம் இரும்புப் பீப்பாயான குப்பைப் பரலுக்குள் போக வேண்டும். பரலுக்கு மூடி, மூடிக்குக் கொளுக்கி.

மாலையானால் வீடு வீடாகப் போய் மூடியில் இரண்டு தட்டுத் தட்டிப் பார்ப்பார். பலாப்பழச் சக்கையை வேலியோரம் வீசிய அயல்வீட்டுச் சிவாஜினி அவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். பதிலுக்கு ‘மூடிக்காரர்’ என்று பட்டம் வைத்தாள். ஒழுங்கை முழுவதும் அதையே பிடித்துக்கொண்டது. அவருக்கும் உள்ளூரப் பிடித்துத்தான் இருந்தது.

சட்டத்தை அவர் ஒருமுறைதான் தளர்த்தினார். பக்கத்து வீட்டுக் கதிரவேலின் தகப்பனுக்கு எட்டு வந்தபோது, முச்சந்தியில் படையல் வைக்கலாமா என்று அவன் தயங்கித் தயங்கி வந்து கேட்டான். செத்தவருக்குச் சட்டம் சொல்ல என்னால் ஏலாது, வைத்துவிட்டு வா என்றார்.

முச்சந்திப் பாலை மரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்று, அவன் வைத்துவிட்டுத் திரும்பியதும் கமுக்கமாக எல்லாவற்றையும் அள்ளி அங்கிருந்த பரலில் போட்டு மூடிவிடுவது அவர் திட்டம். இரத்தினேஸ்வரியிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிரவு அவரைக் காணவில்லை என்று ஊர் ஓடிப்போய்ப் பார்த்தபோது சோறெல்லாம் பரலுக்குள் இருந்தது. கொளுக்கி ஒழுங்காக மாட்டியிருந்தது. அவர்தான் வெளியே கிடந்தார்.

முகம் பார்க்க விடவில்லை. வெள்ளைத் துணியால் சுற்றித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

ஏதும் சத்தம் கேட்டதா என்று பொலிசார் விசாரித்தார்கள். கதிரவேல் இல்லை என்றான். இரத்தினேஸ்வரியும் இல்லை என்றாள்.

செத்தவீடு முடிந்த பிறகும் மாலையானால் அவள் வீட்டுப் பரல் மூடியில் இரண்டு தட்டுக் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் யாரும் இருப்பதில்லை. பயமாகத்தான் இருந்தது. ஒருநாள் கேட்காமல் போய்விடுமோ என்பது அதைவிடப் பெரிய பயமாக இருந்தது.

இன்று கேட்கவில்லை.

“தாங்கோ அக்கா, நான் கொண்டு போறன்.”

ஆட்களை விலக்கிக்கொண்டு கதிரவேல் வந்து நின்றான். சவரம் செய்யாத முகம், தூங்காத கண். சாவுத் துடக்குக் கழியாத வீட்டுக்காரன் தூக்கலாமா என்று யாரோ ஒரு மாமி முணுமுணுத்தார். அவன் காதில் வாங்கவில்லை. வைத்துவிட்டு ஒழுங்கையிலேயே கொஞ்சம் நின்று, பிறகு தானே அள்ளி மூடிவிட்டு வருவதாகச் சொல்லிக் கையை நீட்டினான்.

அவன் விரல் முட்டிகளில் துரு ஒட்டியிருந்தது. பரல் மூடியின் துரு.

இரத்தினேஸ்வரி அதையே பார்த்தாள். எட்டு முடியட்டும், இத்தனை பேருக்கு முன்னால் இவனை நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்கிறேன் என்றுதான் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். மாலையில் தட்டியது யார் என்று இப்போது தெரிந்தது. ஆத்திரம் அங்கேயே நின்றுவிட்டது.

கடகத்தை விட்டாள். அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

“இண்டைக்கு அவர் கூப்பிட்டால் திரும்பிப் பார், தம்பி.”

அவன் கடகத்தை வாங்கிக்கொண்டு முச்சந்திப் பக்கம் நடந்தான். வழியெல்லாம் குழம்பு சிந்தியது.

கரடி வந்த அன்று அவள் சமைத்துக்கொண்டு குசினி யன்னலில் நின்றிருந்தாள். முச்சந்தியிலிருந்து கதிரவேல், கதிரவேல் என்று தன் புருஷன் கூப்பிட்டது அவளுக்கும் கேட்டது. வேலிக்கு அப்பால், செத்த தகப்பன்தான் கூப்பிடுகிறார் என்று பயந்து வெளிறிப்போன முகத்தோடு, நேரே பார்த்தபடி கதிரவேல் எட்டி நடந்ததையும் கண்டாள்.

புருஷன் ஒளிந்து நின்று அள்ளியது கதிரவேலிடம் பிடிபட்டுவிட்டது, சமாதானம் சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து அவள் சிரித்துக்கொண்டாள்.

கதிரவேல் இப்போது முச்சந்தியை அடைந்துவிட்டான். கடகத்தை இறக்கி வைத்தான். கும்பிட்டான். வீட்டுப் பக்கம் பார்த்து நடக்கத் தொடங்கினான்.

ஒழுங்கையில் ஒரு சத்தமும் இல்லை. இரத்தினேஸ்வரி படலையடியில் நின்று காது கொடுத்தாள்.

யாரும் கூப்பிடவில்லை.

ஆனாலும் அவன் நின்றான். திரும்பினான். திரும்பியபடியே நின்றான்.