ஒருவர் படித்தார்

"ரொம்ப லேசான வெப்சைட்டும்மா. உன் ஓட்டை போன்லகூட சட்டுனு திறக்கும். மனசுல தோணுறதை தினம் எழுது." மகன் செய்துகொடுத்துவிட்டு வெளியூர் வேலைக்குப் போனான்.

அம்மா எழுதினாள். ஒழுகும் குழாய், எதிர்வீட்டுப் பூனை, ஒரே ஒரு தட்டைக் கழுவும் அலுப்பு. எதை எழுதினாலும் அடியில் 'ஒருவர் படித்தார்' என்று விழும். பிள்ளை போனே செய்வதில்லை. ஆனால் ஒன்றுவிடாமல் படிக்கிறானே! பெற்ற வயிறு குளிர்ந்தது.

ஒருநாள் காய்ச்சலில் எழுதவில்லை. மறுநாள் விடிந்ததும் போன் அலறியது.

"அம்மா! உனக்கு ஒண்ணுமில்லையே? நேத்து ஏன் எழுதல?"

"கொஞ்சம் காய்ச்சல்டா. அது கிடக்கட்டும், அந்தப் பூனை கதை எப்படி?"

"எந்தப் பூனை?"

"படிச்சியேடா!"

"எனக்கு ஏதும்மா நேரம்? நீ எழுதிட்டியான்னு பாக்க ஒரு புரோகிராம் போட்டிருக்கேன். அதுதான் தினம் வந்து பாக்கும். எழுதலன்னாதான் எனக்குத் தகவல் வரும். எழுதிட்டா நீ சௌக்கியம்னு அர்த்தம், நான் கூப்பிடவே வேண்டாம் பாரு! தினம் ரெண்டு வரி தட்டிவிடும்மா."

"சரிப்பா."

அன்று அம்மா ஒரு வரிகூட எழுதவில்லை. மறுநாள் விடியுமுன்னே எழுந்து, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.