ஒரு சொட்டில் இருநூற்று அறுபத்து மூன்று

இருநூற்று அறுபத்து மூன்று.

லிஃப்ட் மெக்கானிக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, சர்க்கரை பார்க்கும் மீட்டரை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தான். எண் மாறவில்லை.

“என்னத்தத் திருட்டுத்தனமா உள்ள தள்ளினீங்க? உண்மையச் சொல்லுங்க” என்றாள் மனைவி. அவன் விரலை அவள் இன்னும் விடவில்லை.

“ரெண்டு முட்டை, வெள்ளரிக்காய். நீதானே வச்சே?”

“நான் வச்சதும் மீட்டருக்குத் தெரியுது. நீங்களா எடுத்து வச்சுக்கிட்டதும் தெரியுது.”

விரலை உதறிவிட்டு, உடை மாற்ற உள்ளே போனாள்.



பதினொரு மணிக்குக் கம்பெனி டாக்டர். மூன்று மாதத்துக்கு முன்பே அவர் கறாராகச் சொல்லிவிட்டார். மாத்திரையோடு மாவுச்சத்தையும் குறைக்க வேண்டும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து நூற்று எண்பதுக்குள் நிற்க வேண்டும். நின்றால் லிஃப்ட் குழியில் இறங்கக் கையெழுத்து. நிற்காவிட்டால் ஆபீசில் உட்கார்ந்து புகார் ஃபோன் எடுக்கலாம்.

இருபத்தாறு வருடம் கம்பியும் கப்பியுமாக வாழ்ந்தவன். அந்த ஃபோனை நினைத்தாலே காது எரிந்தது.

நோட்டில் எழுதிக் கொண்டுபோனால் டாக்டர் நம்பமாட்டார். மீட்டரின் நினைவில் இருப்பதைத்தான் பார்ப்பார். அதில் அழிக்கும் பொத்தான் கிடையாது.

எழுந்தான். ஜன்னல்வரை நடந்தான். கதவுவரை நடந்தான். உட்கார்ந்தான். மறுபடி எழுந்தான்.

தொண்ணூறு நாளாக இந்த வீட்டில் சோறு இல்லை, ரொட்டி இல்லை, கிழங்கு இல்லை. “நீங்க திங்காதது எனக்கும் வேண்டாம்” என்று அவளும் சர்க்கரை டப்பாவைத் தூக்கிப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டாள். எதிரும் புதிருமாக உட்கார்ந்து வெள்ளரிக்காய் கடித்தார்கள். ஒரு நாள்கூட எண் நூற்று நாற்பதைத் தாண்டியதில்லை.

இன்றைக்குப் பார்த்தா?

லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டால், வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் நேரே போய் மோட்டாரில் கை வைப்பார்கள். அவன் முதலில் கதவைப் பார்ப்பான். பெரும்பாலும் மோட்டார் ஜம்மென்று இருக்கும். கதவின் சென்சார்மேல் துளி அழுக்கு ஒட்டிக்கொண்டு, ஆள் நிற்பதாகப் பொய் சொல்லிக்கொண்டிருக்கும்.

அவன் நடை பாத்ரூம் பக்கம் திரும்பியது.

சோப்பு போட்டுக் கழுவினான். ஈரம் போகத் துடைத்தான். பன்னிரண்டு மாடிக் குழிக்குமேல் கூசாமல் நிற்கிறவனுக்கு இந்த ஊசி என்றால் நடுக்கம். குத்துவதும் அமுக்குவதும் இத்தனை நாளும் அவள்தான். கண்ணை மூடிக்கொண்டு முதல் தடவையாகத் தானே குத்திக்கொண்டான்.

நூற்றுப் பத்தொன்பது.

ஆக, மோட்டாரில் பழுதில்லை.

கணக்குப் போடுவது அவனுக்குப் பிடிக்கும். ஓர் உடம்பு முழுக்க ஓடும் ரத்தத்தில் கரைந்திருக்கும் சர்க்கரை எல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய ஒரு டீஸ்பூன். மீட்டர் உறிஞ்சுவதோ கடுகைவிடச் சின்னச் சொட்டு. ஒரு பொடி உப்புக்கல்லை நூறு துண்டாக உடைத்தால் வருமே, அதில் ஒரு துண்டளவுதான் அந்தச் சொட்டுக்குள் இருக்கும் சர்க்கரை. அதே அளவு தோல்மேல் ஒட்டியிருந்தால் போதும், எண் இரட்டிப்பாகிவிடும். உள்ளேயிருந்து வந்ததா, வெளியேயிருந்து ஒட்டியதா என்று மீட்டருக்கு எப்படித் தெரியும்?

அப்படியானால் எது ஒட்டியது?

சாப்பிட்டதும் கை கழுவினான். அவள்தான் பக்கத்தில் நின்று துண்டு நீட்டினாள். அப்புறம் குத்துவதற்கு முன்பும் கழுவினான், அப்போதும் துண்டு நீட்டினாள். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தாள். ஊசி புத்தம் புதுசு. ரத்தம் சரியாக வரவில்லை. அதனால் வழக்கம்போல விரல் நுனியை இரண்டு விரலால் அழுத்திப் பிதுக்கினாள்.

அவன் அப்படியே நின்றான்.

மேஜைமேல், மீட்டரில் செருகும் ஸ்ட்ரிப் டப்பா இருந்தது. முதல் தடவை அதைத் திறந்ததும் மூடியதும் அவள். மூடியைத் தடவினான். லேசாகப் பிசுபிசுத்தது. முகர்ந்தான்.

பேரீச்சம்பழம்.

நாக்கு நுனியால் ஒரு தொடு தொட்டான். மூன்று மாதத்தில் அவனுக்குக் கிடைத்த முதல் இனிப்பு.

கோபம் வரும் என்று காத்திருந்தான். வந்தது சிரிப்பு. அதையும் அவசரமாக விழுங்க வேண்டியிருந்தது, அவள் காலடிச் சத்தம் கேட்டுவிட்டது.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தாள். டாக்டரிடம் அவளும்தான் வருகிறாள். “அந்த நம்பர் எப்படி வந்துச்சுன்னு கேட்டா என்ன சொல்லப் போறீங்க?”

“மறுபடி பாத்தேன், நூத்திப் பத்தொன்பது. முதல்ல கை கழுவாம குத்திக்கிட்டேன்னு சொல்லிடறேன்.”

“பொய் எதுக்கு? நீங்கதான் நல்லா கழுவினீங்களே. துண்டு குடுத்ததே நான்தானே, நான்தான்…”

அவள் கண் தன் விரல் நுனிக்குப் போனது.

அவன் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினான். அவிழ்த்தான். மறுபடி கட்டினான். நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவள் பையை நாற்காலியில் வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போனாள்.

குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் வெகுநேரம் ஓடியது.