மூலை முடுக்கெல்லாம்

“பாத்ரூமுக்குள்ள வருமா?”

விற்பனையாளன் ஒரு கணம் திருதிருவென்று முழித்தான். லேப்டாப்பில் இன்டர்நெட் டாங்கிளைச் செருகி, கூடத்தில் சிக்னல் கோடுகள் ஐந்தும் நிமிர்ந்து நிற்பதைப் பெருமையோடு காட்டிக்கொண்டிருந்தவனிடம் அந்த வீட்டு அம்மாள் கேட்ட முதல் கேள்வி இது.

“வரும் மேடம். ஒயரே இல்லாத நெட்டு. நீங்க எங்க போனாலும் உங்க பின்னாடியே வரும்.”

“பாத்ரூமுக்குள்ளயும்?”

“உக்காந்து முழு சினிமாவே பாக்கலாம் மேடம்!”

“எங்க, காட்டுங்க.”

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான். லேப்டாப்பைக் கைக்குழந்தை போல ஏந்தியபடி ஈரத் தரையில் போய் நின்றான். நல்லவேளை, ஐந்து கோடும் அசையாமல் நின்று மானத்தைக் காப்பாற்றின. ஆனால் அந்த அம்மாளின் முகம்தான் தொங்கிப் போயிற்று.

சரக்கு ஊருக்கே புதுசு. “ஒயர் இல்லாம நெட்டு எப்படிப்பா வரும்? யார் காதுல பூ சுத்தறே?” என்று பல வீடுகளில் கதவைச் சாத்தியிருந்தார்கள். மார்க்கெட் கடல் மாதிரிக் கிடக்கிறது என்று ஆபீசில் படம் போட்டுக் காட்டிய மேனேஜர், அந்தக் கடலில் இவன் ஒரு நெத்திலிகூடப் பிடிக்கவில்லை என்று தெரிந்ததும் காலையில் கறாராகச் சொல்லிவிட்டார். “இன்னிக்கு ஒரு கனெக்‌ஷனாவது போடு. இல்லேன்னா சாயந்திரம் பையை ஒப்படைச்சுட்டு வீட்டுக்குப் போ.”

வீட்டில் மாமனார் இருந்தார். வேலையில்லாத மாப்பிள்ளையிடம் பேச அவருக்கு நிறைய விஷயம் இருந்தது.

அப்படித் தவித்துக்கொண்டிருந்தபோதுதான் இந்த அம்மாளே போன் செய்து, “உங்க கம்பெனி நெட்டுதான் பாக்கணும், வேற எதுவும் வேணாம்” என்று கூப்பிட்டாள். தெய்வமே லைனில் வந்துவிட்டதாக நினைத்து ஓடி வந்திருந்தான்.

“சமையல் ரூம்ல?” என்றாள் தெய்வம்.

ஐந்து கோடு.

“மாடிப்படிக்குக் கீழ?”

குனிந்து, தலையை இடித்துக்கொண்டு காட்டினான். ஐந்து கோடு.

“மொட்டை மாடியில தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி?”

“அங்க எதுக்கு மேடம் நெட்டு?”

“சில பேர் அங்கயும் போய் நிப்பாங்க. வாங்க.”

மூச்சு வாங்க மாடி ஏறினான். தொட்டிக்குப் பின்னால் கோடுகள் இன்னும் உற்சாகமாக நின்றன. அம்மாள் பெருமூச்சு விட்டாள். பேரத்துக்கு முன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் ஆட்களை இவன் நிறையப் பார்த்திருக்கிறான்.

“முதல் மாசம் ஃப்ரீயா குடுக்கறேன் மேடம்,” என்றான் இறங்கி வந்து.

“காசு இல்ல தம்பி பிரச்சினை. நல்லாப் பாத்துச் சொல்லுங்க, இன்னும் ஒரே ஒரு ரூம்தான் பாக்கி.”

அது ஸ்டோர் ரூம். ஜன்னல் கிடையாது. இரண்டு பக்கமும் இரும்பு பீரோ, நடுவில் பழைய டிரங்குப் பெட்டிகள். நிம்மதியாக உள்ளே நுழைந்தான். ஐந்து கோடு மூன்றானது, ஒன்றானது, அப்புறம் அதுவும் படுத்துவிட்டது.

லேப்டாப்பைத் திருப்பினான். தலைக்கு மேல் தூக்கினான். டிரங்குப் பெட்டி மேல் ஏறி நின்றும் பார்த்தான்.

“டாங்கிள் கொஞ்சம் சூடாயிடுச்சு மேடம். ஒரு நிமிஷம்...”

“பொய் சொல்லாதீங்க தம்பி. வருதா, வரலையா?”

இவனுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. “வரல மேடம். இங்க மட்டும் சுத்தமா வரல. இதை மனசுல வெச்சுக்காதீங்க. ஆபீஸ்ல சொன்னா நாளைக்கே ஆள் வந்து சரி பண்ணிடுவாங்க. இந்தக் கனெக்‌ஷன நம்பித்தான் என் வேலையே இருக்கு மேடம்.”

அம்மாள் உள்ளே வந்து கதவை இறுக்கச் சாத்தினாள். “இப்ப?”

“இப்பவும் இல்ல.”

வந்ததிலிருந்து முதல் தடவையாக அவள் சிரித்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு சுவரை முழம் போட்டு அளக்க ஆரம்பித்தாள்.

“இந்த டிரங்கெல்லாம் தூக்கிட்டா, நாலு பேர் சாப்பிடற மேஜை இங்க நுழையும்ல தம்பி?”

“ஸ்டோர் ரூம்லயா மேடம்?”

“வேற எங்க? வீட்டுல அந்த மனுஷனைப் பிடிச்சு உக்கார வெக்க வேற இடமே இல்லயே! சோத்துத் தட்டுக்குப் பக்கத்துல லேப்டாப்பு. பேசினா ‘உம்’ங்கறாரு, அதுவும் எனக்கா, அந்த டப்பாவுக்கான்னு தெரியாது. பசங்க அப்பா முகத்தைப் பாத்துச் சாப்பிட்டு எத்தனை நாளாச்சு தெரியுமா?” மறுபடியும் சுவரை முழம் போட்டாள்.

“அப்ப கனெக்‌ஷன்...” என்று மெல்ல இழுத்தான்.

“எனக்கெதுக்கு? ஏற்கனவே இந்த வீட்டுல உங்க டாங்கிள் டிராயர் டிராயரா கிடக்கு.”

இவன் கண்ணுக்குள் மாமனார் வந்து நின்றார். அப்படியே டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டான்.

“பயப்படாதீங்க, உங்க வேலைக்கு நான் பொறுப்பு,” என்றாள் அம்மாள். “ஆனா இந்த ரூம் விஷயம் உங்க ஆபீஸ்ல ஒருத்தர் காதுக்கும் போகக் கூடாது. முக்கியமா, உங்க முதலாளி காதுக்கு.”

“எங்க முதலாளியா? இந்த ஸ்டோர் ரூமை அவரு எதுக்கு மேடம் கண்டுக்கப் போறாரு?”

“கண்டுக்குவாரு தம்பி. தெரிஞ்சா நாளைக்கே மொட்டை மாடியில ஒரு டவரை நட்டுடுவாரு, என் வீட்டுக்காரர்.”